எழுத்தைத் தேய்த்துவிடாதீர்கள்: பழைய ராணுவ ரைஃபிள்கள் பற்றி வாசகர் கேள்விகள்

அமெரிக்காவில் இருந்துகொண்டு பழைய ராணுவ ரைஃபிள்கள் சேர்க்கிறேன் என்று சென்ற இதழில் ஒரு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. சிலர் ஆவலாகக் கேட்டிருக்கிறார்கள், சிலர் கோபமாக. இரண்டுக்கும் பதில் சொல்கிறேன்.

யாரோ போரில் தூக்கிச் சுமந்த, துருப்பிடித்த துப்பாக்கியில் அப்படி என்ன இருக்கிறது? இந்தப் பழக்கம் உங்களுக்கு எப்படி வந்தது?
– வாசகர், கோயம்புத்தூர்

அப்பா ஆயுதப்படைப் போலீஸில் இருந்தார். பாரா முடிந்து வீட்டுக்கு வந்தால் காக்கிச் சட்டையில் துப்பாக்கி எண்ணெய் வாசனை அடிக்கும். அவர் தோளில் இருந்தது த்ரீ நாட் த்ரீ, அதாவது பிரிட்டிஷ் காலத்து .303 லீ என்ஃபீல்ட் ரைஃபிள். அதை நான் ஒருநாளும் தொட்டதில்லை, தொட விட்டதும் இல்லை.

பல வருஷம் கழித்து, ஒஹாயோவில் ஒரு கன் ஷோவுக்கு நண்பர் கூட்டிக்கொண்டு போனார். நீள மேஜைகளில் பழைய ரைஃபிள்களைப் படுக்கப்போட்டு விற்கிறார்கள். அதில் ஒன்றின் கழுத்தில், போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் இரும்புத் தண்டு) கைப்பிடிக்குக் கீழே இருக்கும் இரும்பு வளையத்தில், ஒரு கிரீடம், அதன் கீழ் ஜி.ஆர்.ஐ. என்ற எழுத்துகள், 1943, இஷாப்பூர். கல்கத்தா பக்கத்தில் ஹூக்ளி கரையில் இருக்கிற அதே இஷாப்பூர் தொழிற்சாலைதான். வங்காளத்தில் பஞ்சம் தலைவிரித்தாடிய அந்த வருஷத்தில் அங்கே செய்த ஒரு ரைஃபிள், எந்தெந்தக் கைகள் மாறியோ ஒஹாயோவில் ஒரு மேஜைக்கு வந்து கிடந்தது. ரொம்ப நேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

வாங்கி வந்து வீடியோ காலில் அப்பாவிடம் காட்டினேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "குழலுக்குள்ள வெளிச்சம் வெச்சுப் பாத்தியா?" அடுத்து, "முன்கட்டைய அப்படியே திருப்பு, குறுக்க ஒரு ஸ்க்ரூ இருக்கா பாரு" என்றார். இருந்தது. நம் ஊர் வெயிலிலும் ஈரத்திலும் கட்டை பிளந்துவிடாமல் இருக்க இஷாப்பூரில் குறுக்கே ஒரு ஸ்க்ரூ போட்டு இறுக்குவார்கள், இங்கே சேகரிப்பாளர்கள் அதற்கு இஷாப்பூர் ஸ்க்ரூ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அப்பா எந்தப் புத்தகத்திலும் அதைப் படித்ததில்லை. இருபது வருஷம் கந்தல் துணி போட்டு ரைஃபிளைத் துடைத்த கைக்கு அது தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

எனக்கு இந்த இரும்பு ஒரு ஆவணம். ஜி.ஆர்.ஐ. என்பது ஜார்ஜ் மன்னர், பேரரசர் என்பதன் லத்தீன் சுருக்கம். சுதந்திரத்துக்குப் பிறகு அதே தொழிற்சாலையில் அதே ரைஃபிளைத்தான் செய்தார்கள், கிரீடம் இருந்த இடத்தில் மட்டும் அசோகச் சிங்கங்கள் வந்து உட்கார்ந்தன. ஒரு நாடு கைமாறியதை ரெண்டு விரல் அகல இரும்பில் தடவிப் பார்க்கலாம்.

அண்ணா, நான் நியூஜெர்சியில் ஹெச்1பி விசாவில் வேலை பார்க்கிறேன். நானும் எம்1 கேரண்ட் என்ற பழைய அமெரிக்க ராணுவ ரைஃபிள் ஒன்று வாங்கலாமா?
– வாசகர், எடிசன்

தம்பி, வேண்டாம், இப்போது வேண்டாம். குடியேறாத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது மத்தியச் சட்டப்படி குற்றம். வேட்டை லைசென்ஸ் இருந்தால் விலக்கு உண்டு என்று யாராவது சொல்வார்கள், அப்படி ஒரு விலக்கு இருப்பதும் நிஜம். ஆனால் அதை நம்பிக் காரியத்தில் இறங்குவதற்கு முன் வக்கீலைப் பார்க்காமல் ஒரு அடி வைக்காதீர்கள். நண்பனோடு சுடும் பயிற்சி ரேஞ்சுக்குப் போய் வாடகைக்கு ஒன்றை எடுத்துச் சுடுவதும் 'வைத்திருப்பது' என்ற கணக்கில் வந்துவிடும் என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. ஒரு சனிக்கிழமை ஆசைக்காக, வரிசையில் நிற்கிற பச்சை அட்டையை இழக்காதீர்கள்.

பச்சை அட்டை வந்த பிறகு வாங்கலாம். உங்கள் மாநிலத்தில் அதற்கென்று தனியாக அடையாள அட்டை எடுக்க வேண்டும். ஆனால் கேரண்டை நேரடியாக விற்கிற சிவிலியன் மார்க்ஸ்மன்ஷிப் புரோகிராம் என்ற அமைப்பு குடிமக்களுக்கு மட்டும்தான் விற்கும், அதிலும் அவர்களோடு இணைந்த ஒரு கிளப்பில் உறுப்பினராக இருக்க வேண்டும். ராணுவம் திருப்பிக் கொடுத்த ரைஃபிள்களை அலபாமாவில் அனிஸ்டன் என்ற ஊரில் தரம் பிரித்து விற்கிறார்கள். நானே குடியுரிமை வாங்கும்வரை காத்திருந்துதான் அங்கே போனேன்.

அதுவரைக்கும் ஒன்று செய்யுங்கள். காரை எடுத்துக்கொண்டு மாசசூசெட்ஸில் ஸ்பிரிங்ஃபீல்ட் ஆயுதசாலைக்குப் போய் வாருங்கள். ஜான் கேரண்ட் வேலை பார்த்த இடம், 1968-ல் மூடினார்கள், இப்போது அருங்காட்சியகம். 1936-ல் ராணுவம் ஏற்றுக்கொண்ட அந்த ரைஃபிளை எத்தனை தடவை அடித்துத் திருத்தி, தோற்று, மறுபடி செய்து கொண்டுவந்தார் என்பதை அங்கே போனால் கண்ணாலேயே பார்க்கலாம்.

ஹூஸ்டனில் இருக்கிறேன். மோசின் நாகன்ட் என்ற பழைய ரஷ்ய ரைஃபிள் ஒன்று வாங்கினேன். கட்டை முழுக்கப் பிசுபிசு, வார்னிஷ் அங்கங்கே உரிந்து அசிங்கமாக இருக்கிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் புதிதாகப் பாலிஷ் அடிக்கலாம் என்று பார்க்கிறேன். எந்த நம்பர் உப்புத்தாள் நல்லது?
– வாசகர், ஹூஸ்டன்

எந்த நம்பரும் நல்லதில்லை. தயவுசெய்து உப்புத்தாளை எடுத்த இடத்தில் வையுங்கள்.

முதலில் அந்தப் பிசுபிசுப்பு என்னவென்று சொல்கிறேன். அது காஸ்மோலின், கிடங்கில் பல பத்தாண்டு கிடந்தாலும் துரு ஏறக்கூடாது என்று பூசிய கெட்டியான கிரீஸ். ஹூஸ்டன் வெயிலே போதும். கட்டையைக் கழற்றிக் கறுப்புக் குப்பைப் பையில் பழைய துணியோடு சுற்றி மத்தியானம் முழுக்க வெயிலில் போடுங்கள், மரத்துக்குள் ஊறியிருப்பதெல்லாம் வியர்த்து வெளியே வரும், துடைத்துத் துடைத்து எடுங்கள். இரும்புக்கு மினரல் ஸ்பிரிட். இவ்வளவு செய்தால் பாதி அசிங்கம் போய்விடும்.

மிச்சம் இருக்கிற உரிந்த வார்னிஷ் அசிங்கம் இல்லை. ரஷ்யாவில் இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் இந்த ரைஃபிள்களைக் கிடங்குகளுக்கு அள்ளிக்கொண்டு வந்து, பிரித்து, பழுதானதை மாற்றி, கட்டைக்கு அரக்கு வார்னிஷ் அடித்து, மாற்றிப்போட்ட பாகங்களில் பழைய நம்பரை அடித்துவிட்டுப் புது நம்பர் போட்டு, அடுத்த போருக்கென்று அடுக்கி வைத்தார்கள். அந்தச் செம்மண் நிற வார்னிஷ் அந்தக் காலத்துச் சாட்சி. குழலின் அடிப்பக்க இரும்பில் ஒரு சதுரக் கட்டத்துக்குள் எஸ்.ஏ. என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் உங்களுடையது ஒரு காலத்தில் பின்லாந்துப் படையின் சொத்து. பின்லாந்துக்காரர்கள் ரஷ்யர்களிடமிருந்து கைப்பற்றி, அதே ரைஃபிளை ரஷ்யர்கள் மேலேயே திருப்பினார்கள். மரத்தில் குத்திய முத்திரைகளோ காகிதக் கனத்துக்குத்தான் பதிந்திருக்கும். நாலு இழுப்பு இழுத்தால் போதும், போனது போனதுதான், எந்தக் காசு கொடுத்தாலும் திரும்பி வராது.

எனக்கு இது கோபம் வருகிற விஷயம், மன்னித்துக்கொள்ளுங்கள். ஒரு தடவை ஸ்விஸ் ராணுவத்தின் கே31 ரைஃபிள் ஒன்று ஆன்லைனில் ஆர்டர் கொடுத்து வாங்கினேன், விற்றவர் 'அழகுபடுத்தி' அனுப்பியிருந்தார். கண்ணாடி மாதிரி மின்னியது. யார் வீட்டு டீப்பாய்க் காலாகவும் இருந்திருக்கலாம். அதில் இருந்த மனிதர்கள் எல்லோரும் போய்விட்டார்கள்.

மரம் வறண்டிருந்தால், பள்ளிக்கூட நாளில் கிரிக்கெட் பேட்டுக்குத் தடவினோமே லின்சீட் ஆயில், அதையே உள்ளங்கையில் விட்டு மெல்லியதாகத் தேயுங்கள். தேய்த்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், அந்த எண்ணெய்த் துணி தானாகவே சூடாகித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போட்டுத் தண்ணீரில் நனைத்து வெளியே எறியுங்கள்.

பழைய தோட்டா பெட்டி பெட்டியாகக் கிடைக்கிறது. சுட்டால் குழல் அரித்துவிடும் என்கிறார்களே?
– அதே ஹூஸ்டன் வாசகர்

அரிக்கும், ஆனால் பயப்பட வேண்டாம். அந்தக் காலத்துப் பிரைமரில், அதாவது தோட்டாவின் அடியில் முதலில் பொறி பற்றுகிற சின்ன மூடியில், பொட்டாசியம் குளோரேட் இருக்கும், வெடித்த பிறகு குழலுக்குள் அது பொட்டாசியம் குளோரைடாகப் படியும். உப்பு. மழைக்காலத்தில் நம் வீட்டு உப்பு ஜாடி கசிவதுபோல் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னும். எண்ணெய் போட்டால் உப்பு கரையாது, நிறையப் பேர் செய்கிற தப்பு அதுதான். வெந்நீர் ஊற்றுங்கள், நன்றாகத் துடைத்துக் காயவைத்து அப்புறம் எண்ணெய். பிரிட்டிஷ் படையில் குழலுக்குள் கொதிநீர் ஊற்றுவதற்கென்றே ஒரு புனல் கொடுத்திருந்தார்கள். போல்ட்டின் முகத்தையும் மறக்காதீர்கள்.

அதைவிட முக்கியமானது, சுடுவதற்கு முன் துப்பாக்கி மெக்கானிக் ஒருவரிடம் கொடுத்து ஹெட்ஸ்பேஸ் பார்க்கச் சொல்லுங்கள். தோட்டாவைக் குழலுக்குள் தடுத்து நிறுத்துகிற இடத்துக்கும் போல்ட்டின் முகத்துக்கும் நடுவில் இருக்கிற தூரம் அது, கூடிப்போனால் தோட்டா முகத்துக்கு நேரே பிளக்கலாம். லீ என்ஃபீல்டில் டி.பி. என்று குத்தியிருந்தால் அது அணிவகுப்புப் பயிற்சிக்கு ஒதுக்கியது, சுடவே கூடாது. 1962 சீனப் போருக்குப் பிறகு இஷாப்பூரில் 7.62 தோட்டாவுக்கென்று செய்த 2ஏ1 ரைஃபிளும் பார்வைக்கு .303 போலவே இருக்கும். எந்தத் தோட்டா என்று தெரியாமல் எதையும் உள்ளே தள்ளாதீர்கள்.

அமெரிக்க 1903 ஸ்பிரிங்ஃபீல்ட் ரைஃபிள் வாங்கினால் சீரியல் நம்பரைப் பாருங்கள். ஸ்பிரிங்ஃபீல்டில் செய்ததில் 8,00,000-க்குக் கீழே, ராக் ஐலண்ட் ஆயுதசாலையில் செய்ததில் 2,85,507-க்குக் கீழே இருந்தால் பார்த்து ரசிக்கத்தான், சுடக் கூடாது. அந்த நாளில் பழுக்கக் காய்ச்சிய இரும்பின் நிறத்தைக் கண்ணால் பார்த்தே பதம் சொன்னார்கள், பாகு பதம் பார்ப்பதுபோல. வெயில் பளிச்சென்று அடிக்கிற நாளில் கண் ஏமாந்தது, இரும்பு அதிகம் வெந்து உடையும் தன்மைக்குப் போய்விட்டது. சில வெடித்த பிறகுதான் காரணம் தேடினார்கள்.

இந்தியாவில் இந்தப் பொழுதுபோக்கு முடியுமா சார்?
– வாசகர், சென்னை

சுடுகிற நிலையில் இருக்கிற ராணுவ ரைஃபிளைச் சேர்க்க முடியாது. .303-ம் 7.62-ம் தனியாருக்குத் தடை செய்யப்பட்ட குழல் அளவுகள். பிரிட்டிஷ்காரன் காலத்திலேயே வந்த பயம் இது. ராணுவத் தோட்டா ஜனங்கள் கைக்குப் போய்விட்டால் அதே ரைஃபிள் தங்கள் பக்கம் திரும்பும் என்று பயந்துதான் .303 தனியாருக்குக் கிடையாது என்றார்கள். அதனால் வந்ததுதான் நம் ஊரில் லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் சொல்கிற '.315 ரைஃபிள்'. அதன் தோட்டா ஆஸ்திரியாவின் பழைய மான்லிகர் தோட்டா வகை. வெள்ளைக்காரன் போன பிறகும் அந்தத் தடை மட்டும் போகவில்லை. அப்புறம் 2019-ல் சட்டத்தைத் திருத்தி, லைசென்ஸ் இருந்தாலும் ஒருவர் இரண்டுதான் வைத்திருக்கலாம் என்று ஆக்கிவிட்டார்கள், முன்னால் மூன்று.

தாத்தா வைத்திருந்த பழைய துப்பாக்கி பரணில் கிடக்கிறது என்று காரைக்குடியிலிருந்தும் ஒருவர் கேட்டிருக்கிறார். ஒளித்து வைக்காதீர்கள் ஐயா. சுடவே முடியாத, சரிசெய்தாலும் சுட முடியாத பழம்பொருளுக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு, ஆனால் அது அப்படிப்பட்டதுதானா என்று நீங்களோ நானோ முடிவு செய்ய முடியாது. வக்கீலைக் கேட்டுக்கொண்டு, லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையிலோ காவல் நிலையத்திலோ ரசீதோடு ஒப்படையுங்கள்.

பார்ப்பதற்கு ஆசை என்றால் புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்திலும் எழும்பூரிலும் பழைய ஆயுதங்கள் இருக்கின்றன. .303 நம் நாட்டில் எவ்வளவு காலம் உழைத்தது தெரியுமா? உத்தரப் பிரதேசப் போலீஸ் அதற்கு விடை கொடுத்தது 2020 குடியரசு தின அணிவகுப்பில்.

என் மகன் டெக்சாஸில் இப்படி நாலைந்து வாங்கி வைத்திருக்கிறான். பேத்திக்கு மூன்று வயது. எனக்குத் தூக்கமே வருவதில்லை.
– வாசகி, மதுரை

அம்மா, நீங்கள் பயப்படுவது சரிதான். மகனிடம் மூன்று கேள்வி கேளுங்கள். இரும்புப் பெட்டகத்தில் பூட்டி இருக்கிறதா? போல்ட்டைக் கழற்றி வேறு இடத்தில் வைத்திருக்கிறானா? தோட்டா வேறு அறையில் தனிப் பூட்டில் இருக்கிறதா? பழைய போல்ட் ரைஃபிள்களில் போல்ட்டைக் கையால் உருவி எடுத்துவிடலாம், உருவிவிட்டால் அது வெறும் குழலும் கட்டையும்தான். மூன்றுக்கும் ஆமாம் என்று வந்தால் தூங்குங்கள். ஒன்றுக்கு இல்லை என்றாலும், பெட்டகம் வாங்கும்வரை பேத்தியைக் கூட்டிக்கொண்டு உங்களோடு வந்து இருக்கச் சொல்லுங்கள். சுவரில் அழகுக்கு மாட்டுவது வேண்டவே வேண்டாம்.

முதலீடாக நினைத்து வாங்கலாமா? முன்பெல்லாம் ரொம்ப மலிவாமே?
– வாசகர், அட்லாண்டா

முதலீட்டுக்கு வாங்காதீர்கள், அதற்கு வேறு நூறு வழி இருக்கிறது.

மலிவு என்பது உண்மைதான். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ஐரோப்பிய நாடுகள் பழைய ரைஃபிள்களை எடைக்குப் போடுவதுபோல் விற்றன, அமெரிக்காவில் பத்திரிகையில் கூப்பனை வெட்டி அனுப்பினால் தபாலில் வீட்டுக்கு வந்தது. கென்னடியைச் சுட்டது அப்படி வந்த இத்தாலிய கார்கானோதான், 1963-ல் வாங்கியது, தொலைநோக்கியோடு 19 டாலர் 95 சென்ட். அதன் பின் 1968 சட்டத்தில் தபால் விற்பனையும் ராணுவ ரைஃபிள் இறக்குமதியும் நின்றன. 1980-களில் பழம்பொருளுக்கு மட்டும் மறுபடி கதவு திறந்தது, சோவியத் உடைந்ததும் மோசின் கப்பல் கப்பலாக வந்தது. 2000-களின் தொடக்கத்தில் ஒன்று 100 டாலருக்குள் வாங்கியிருக்கிறேன். இன்று அதற்குப் பல மடங்கு. இனி வரப்போவது குறைவு, அதனால்தான் இருப்பதைக் கெடுக்காதீர்கள் என்று இப்படிக் கத்துகிறேன்.

ஐம்பது வயது தாண்டிய துப்பாக்கிகளைச் சேர்ப்பவர்களுக்கென்று 'க்யூரியோ அண்ட் ரெலிக்' லைசென்ஸ் ஒன்று இருக்கிறது, மூன்று வருஷத்துக்கு 30 டாலர். வாங்கியது விற்றது ஒவ்வொன்றையும் கணக்குப் புத்தகத்தில் எழுதியே ஆக வேண்டும். அந்தப் புத்தகம் எனக்கு ரைஃபிள்களைவிடப் பிரியமானது. ஜெர்மன் மவுசர் ரைஃபிளில் எஸ்.எஸ். என்ற நாஜிப் படையின் முத்திரை இருக்கிறது என்று அதிக விலை சொன்னால் நகர்ந்துவிடுங்கள், போலி முத்திரை குத்துவது ஒரு தொழிலாகவே நடக்கிறது. உண்மையாக இருந்தாலும் நான் வாங்க மாட்டேன்.

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். துவக்குச் சத்தத்தில் வளர்ந்த எனக்கு, ஒரு தமிழர் இதைப் பொழுதுபோக்கு என்று எழுதியதைப் படிக்கக் கை நடுங்கியது. ஒருவரைக் கொன்ற ஆயுதமாகக்கூட அது இருக்கலாமே, எப்படி வீட்டில் வைத்திருக்கிறீர்கள்?
– வாசகி, டொரன்டோ

அக்கா, உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் பதில் எழுத முடியவில்லை. நீங்கள் சொல்வது சரி. என்னிடம் இருப்பவற்றில் ஏதோ ஒன்று ஒரு உயிரை எடுத்திருக்கலாம். இல்லை என்று சொல்ல எனக்கு வழி இல்லை, நான் சொல்லவும் மாட்டேன்.

நான் எனக்குச் சில கோடுகள் வைத்திருக்கிறேன். என் தலைமுறை பார்த்த போர்களின் ஆயுதம் எதையும் வாங்குவதில்லை. மனித உருவம் வரைந்த இலக்கில் சுடுவதில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்காமல் பெட்டகத்தைத் திறந்து காட்டுவதில்லை. இதெல்லாம் உங்கள் நடுக்கத்துக்குப் பதில் ஆகாது என்று எனக்குத் தெரியும்.

என்னிடம் ஜப்பானிய அரிசாகா ரைஃபிள் ஒன்று இருக்கிறது. அதன் மேல் பதினாறு இதழ் சாமந்திப்பூ இருந்திருக்க வேண்டும், அரசரின் முத்திரை. சரணடைந்தபோது அந்தப் பூவை அராவித் தேய்த்துவிட்டுத்தான் ஒப்படைத்தார்கள். தேய்த்த இடத்தில் விரலை வைத்தால் கோடு கோடாக இருக்கும். ஒரு போர் முடிந்த நாள் எப்படி இருந்திருக்கும் என்பதை எனக்கு எந்தப் புத்தகமும் அப்படிச் சொன்னதில்லை. பிற்பாடு இன்னொரு ஸ்விஸ் ரைஃபிள் வாங்கி, பின்தகட்டைக் கழற்றினேன். உள்ளே மடித்து வைத்த ஒரு சீட்டு, அதை வைத்திருந்த சிப்பாயின் பெயர், பிரிவு, ஊர். உள்ளே தன் பெயரை எழுதி வைப்பது அங்கே வழக்கம். அவர்கள் நாடு அந்தப் போரில் இறங்கவில்லை, அவர் அதை வைத்து யாரையும் சுட்டிருக்க வேண்டியதில்லை. சீட்டை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டேன்.

உங்களைக் கை நடுங்க வைத்ததற்கு மன்னிப்புக் கேட்கிறேன். 'பொழுதுபோக்கு' என்ற சொல்லை இனி நான் எழுத மாட்டேன்.

எங்கள் தாத்தா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தவர், நேதாஜி படையில் சேர்ந்தார். ரைஃபிளோடு நிற்கும் ஒரே ஒரு படம் இருக்கிறது. அது ஜப்பான் துப்பாக்கியா என்று சொல்ல முடியுமா?
– வாசகர், ஈப்போ

முடியும் என்று நினைக்கிறேன், படத்தை அனுப்புங்கள். சிங்கப்பூர் விழுந்தபோது சிக்கிய பிரிட்டிஷ் ஆயுதங்கள்தான் பெரும்பாலும் அந்தப் படையின் கைக்கு வந்தன. அதனால் தாத்தா கையில் இருப்பது த்ரீ நாட் த்ரீயாக இருக்கவே அதிக வாய்ப்பு. நீங்களே பார்க்கலாம். ரைஃபிளின் முனையைப் பாருங்கள். மொண்ணையாக, பன்றி மூக்கு மாதிரி, குழல் வெளியே நீளாமல் கட்டையோடு முடிந்தால் அது லீ என்ஃபீல்ட் நம்பர் 1. குழல் தனியாக நீண்டு, அதன் கீழே மெல்லிய கம்பி ஒன்றும் துருத்திக்கொண்டிருந்தால் அரிசாகா.

படத்தை ஸ்கேன் செய்யும்போது 1200 டிபிஐ வைத்து எடுங்கள், செல்போனில் எடுத்தால் முனை மங்கிவிடும். பின்பக்கத்தையும் எடுங்கள், ஸ்டூடியோ முத்திரை இருக்கலாம். தாத்தாவின் பெயர், தோட்டத்தின் பெயர், யார் சொல்லித் தெரிந்தது என்பதெல்லாம் பின்னால் மென்மையான பென்சிலில் எழுதி வையுங்கள், பேனா வேண்டாம், மை முன்பக்கம் ஊறிவிடும். ஆச்சி இருக்கிறார்களா? இருந்தால் படத்தைக் காட்டி, அவர் பேசுவதைப் பதிவு செய்துவிட்டு, பிறகு எனக்கு அனுப்புங்கள்.